கால்மாட்டில் கொஞ்சம் சில்லென்று

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் ஐயா. நீங்கள் கொடுத்த டீ நல்ல சூடு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆறிப்போயிருந்தால்தான் சொல்வார்கள். சூடாக இருந்தால் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கொண்டுவந்தவனுக்கும் மனசு என்று ஒன்று இருக்கும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

உங்கள் அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு, பஸ் பிடித்து, நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். ‘டீசல் ஹீட்டரின் புகை வண்டிக்குள் கசிந்ததால் நேர்ந்த விபத்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். கசிவு இல்லை ஐயா. பதினோரு வருடமாக இந்த வேலை செய்கிறேன். நான் பொருத்திய குழாயில் ஒரு பொட்டுப் புகை கசிந்ததில்லை.

அந்த ஹீட்டரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு சின்ன சூட்கேஸ் அளவுதான் இருக்கும். கைப்பிடி உண்டு, எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். மலைக்காட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டு அதிலேயே தங்குகிறவர்களுக்கு அதுதான் உயிர். இன்ஜின் ஓட வேண்டியதில்லை. பேட்டரியில் கொஞ்சம், டீசலில் கொஞ்சம், அவ்வளவுதான் கேட்கும். பெட்டியை வண்டிக்கு வெளியே வைத்து, ஒரு குழாயை மட்டும் உள்ளே விட்டால் போதும். டீசல் எரிகிற அறை தனி, உள்ளே போகிற காற்று தனி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் பார்த்துக்கொள்ளாத மாமியார் மருமகள் மாதிரி, இரண்டும் ஒன்றையொன்று தொடவே தொடாது. புகை தன் வழியாக வெளியே போகும். சூடான காற்று மட்டும் உள்ளே வரும்.

என்னை எல்லோரும் ஹீட்டர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மரம் ஏற்றுகிற லாரி டிரைவர்கள், போன் டவர் ஏறுகிறவர்கள் என்று நிறையப் பேருக்குப் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். ஒரு டவர்க்காரர், வெளியே தண்ணீர் உறைகிற குளிரில் ஒரு வாரம் ஜீப்பில் தங்கிவிட்டு வந்து, “அண்ணே, வெறும் பனியனோட தூங்கினேன்” என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் அந்தக் குளிர்காலத்தை ஓட்டினேன்.

இனி மாப்பிள்ளைக்கு வருகிறேன். என் தங்கையின் வீட்டுக்காரர். நில அளவை சர்வேயர். மாதத்தில் பாதி நாள் மலைச்சரிவுகளில் ஜீப்பை நிறுத்தி, அதன் பின்பகுதியிலேயே படுத்து எழுந்து வேலை பார்ப்பவர். நல்ல மனிதர். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. தங்கையை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அளவு விஷயத்தில் மட்டும் கறார். சோற்றில் உப்பு எவ்வளவு குறைகிறது என்று கேட்டால், “ஒரு சிட்டிகையில முக்கால்” என்பார்.

அவருக்கு ஒரு ஹீட்டரை நானே அன்பளிப்பாகப் பொருத்திக் கொடுத்தேன். முதல் பயணம் போய்விட்டு வந்தார். சாப்பாட்டு மேசையில் நானாகத்தான் கேட்டேன்.

“எப்படி இருந்துச்சு மாப்பிள்ளை?”

“பரவாயில்ல மச்சான்.”

ஐயா, இந்தப் ‘பரவாயில்லை’ என்ற சொல்லை நீங்கள் யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா தெரியவில்லை. காலை மிதித்தவன் மன்னிப்புக் கேட்டால் சொல்கிற சொல் அது. நான் யாருடைய காலையும் மிதிக்கவில்லை.

“பரவாயில்லன்னா?” என்றேன்.

“நல்லாத்தான் இருக்கு. கால்மாட்டுல மட்டும் கொஞ்சம் சில்லுன்னு இருந்துச்சு.”

நான் கோபப்படவில்லை. குறை சொன்னால்தானே வேலை வளரும். மறுவாரமே குழாயைக் கால்பக்கமாகத் திருப்பினேன். அடுத்த பயணம் போய்வந்து, “கால் பரவாயில்ல மச்சான், முழங்கால்லதான்” என்றார். தரை முழுக்கப் பஞ்சு அட்டை ஒட்டினேன். முழங்கால் சரியாகி, தோள்பட்டைக்குப் போனது. ஹீட்டரையே பெரியதாக மாற்றினேன். காது மடலுக்குப் போனது. ஒரே குளிர் அவர் உடம்பில் வாடகைக்கு வீடு மாறிக்கொண்டே இருந்தது. மூன்று வருடம் ஐயா. இருபத்திரண்டு தடவை அந்த ஜீப்பின் பின்பகுதியைப் பிரித்துச் சேர்த்திருக்கிறேன்.

தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“அண்ணா, அவருக்குக் குளிர் உடம்பு. கல்யாணத்தன்னிக்கே கை ஐஸ் மாதிரிதான் இருந்துச்சு. ஹீட்டர் மேல குறையில்ல. விட்டுடுண்ணா.”

“விட்டுட்டேம்மா” என்றேன். அன்று மாலையே காது மடலுக்கென்று தனியாக ஒரு சின்னக் குழாய் வளைத்தேன்.

சென்ற மாதம் அவர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தார். நான்கைந்து வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அதில் ஒருவர், “சர்வேயர் சார், உங்க மச்சான் ஹீட்டர் எப்படி?” என்று கேட்டார். இவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சொன்னார்: “அப்பாவோட பழைய கம்பளி ஒண்ணு இருக்கு. அதப் போத்திக்கிட்டா ஹீட்டர் நல்லா வேலை செய்யுது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்தேன் என்று அங்கே இருந்தவர்கள் சாட்சி சொல்வார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும், “மாப்பிள்ளை, மேல வரைக்கும் போய் ஒரே ஒரு சோதனை பண்ணிப் பார்த்துடுவோம்” என்றேன். உடனே ஒத்துக்கொண்டார். சோதனை என்றால் அவருக்குப் பிடிக்கும். தன்னுடைய வெப்பமானியையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டார். தங்கை பிளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்தாள். “சீக்கிரம் வந்துடுங்க” என்றாள்.

மலையுச்சியில் முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது. நல்ல வெளிச்சம். ஒரு காக்கை கூட இல்லை. ஹீட்டரை வெளியே பனியில் ஒரு பலகை மேல் வைத்தேன். புகைக் குழாயைக் காற்று போகிற திசைக்குத் திருப்பி, இருபதடி தள்ளி நீட்டினேன். விஷப்புகை வந்தால் கத்துகிற சின்னப் பெட்டி ஒன்றை உள்ளே மாட்டினேன். புதுப் பேட்டரி போட்டேன். கடைசி வரை அந்தப் பெட்டி கத்தவில்லை. மாப்பிள்ளைதான் கத்தினார்.

சூடு மிஞ்சினால் தானாக அணைந்துவிடுகிற ஒரு ஏற்பாடு எல்லா ஹீட்டரிலும் இருக்கும். அதை முந்தின நாளே எடுத்துவிட்டிருந்தேன். பின்கதவின் உள்பக்கக் கைப்பிடியையும் கழற்றியிருந்தேன். பஞ்சு அட்டை ஒட்ட அது இடைஞ்சலாக இருந்தது.

அவர் உள்ளே போய்ப் படுக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கதவைச் சாத்தினேன். பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பேசிக்கொண்டோம். அது திறக்கிற வகைக் கண்ணாடி இல்லை. அடித்தாலும் உடையாத கனத்த பிளாஸ்டிக். நானே பொருத்தியது. முன்சீட்டுப் பக்கம் பலகைத் தடுப்பு, அதுவும் நான் அடித்ததுதான்.

கால் மணி நேரத்தில் கேட்டேன். “இப்ப எப்படி மாப்பிள்ளை?”

“சுமார்.”

அரை மணியில் ஸ்வெட்டரைக் கழற்றினார். கேட்டேன். “பரவாயில்ல” என்றார்.

முக்கால் மணியில் சட்டையும் இல்லை. நெற்றியிலிருந்து வியர்வை நோட்டின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையால் அதைத் துடைத்துக்கொண்டே, கண்ணாடியருகே வந்து சொன்னார்: “முதுகுப்பக்கம் எங்கயோ லேசா ஒரு காத்து வருது மச்சான்.”

நீங்கள் இதை எழுதிக்கொள்ள வேண்டும் ஐயா. ஐம்பத்தொரு டிகிரி. அவருடைய வெப்பமானி, அவருடைய நோட்டு, அவருடைய கையெழுத்து. அதன் கீழே, ‘முதுகு — லேசான காற்று.’ அதையும் கைப்பற்றி வைத்திருப்பீர்கள். பிடிவாதம் என் பக்கமா அவர் பக்கமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு மணி நேரம் ஆனதும் கதவைத் தடவிப் பார்த்தார். கைப்பிடி இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்.

“போதும் மச்சான். சூடா இருக்கு. தெறங்க.”

“எவ்வளவு சூடு?”

“நல்ல சூடு.”

“கால்மாட்டுல?”

“கால்மாட்டுலயும்தான். தெறங்க மச்சான்.”

மூன்று வருடம் காத்திருந்த சொல். கேட்டதும் எனக்கு மனசு குளிர்ந்துபோயிருக்க வேண்டும். ஆனால் அதில் ஒரு அவசரம் இருந்தது ஐயா. வாத்தியார் பிரம்பை எடுத்ததும் மாணவன் ஒப்பிக்கிற வாய்ப்பாடு மாதிரி இருந்தது. வாய் சொன்னது, மனசு சொல்லவில்லை. எனக்கு வாயிலிருந்து வருகிற சான்று வேண்டாம். “பதறாம, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க மாப்பிள்ளை” என்றேன்.

அவர் கண்ணாடியை அடிக்கத் தொடங்கினார். உண்மையிலேயே இதமாக இருக்கிற மனிதன் கண்ணாடியை அடிக்க மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. அப்படியானால் இன்னும் எங்கேயோ குறை இருக்கிறது. சுவிட்ச் என் கையில் இருந்தது. ஒரு புள்ளி கூட்டினேன்.

பிறகு கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்துவிட்டது. உள்ளே முகம் தெரியவில்லை. ஒரு விரல் மட்டும் வந்து அதில் எழுதியது. உள்ளிருந்து எழுதியதால் எனக்கு எழுத்துகள் திரும்பித் தெரிந்தன. கூட்டிப் படிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ‘ரொம்ப சூடு’ என்று எழுதியிருந்தார். ‘ரொம்ப’ என்பது அளவு இல்லை. மற்ற விஷயங்களில் அவரே அதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் அமைதியாகிவிட்டார். தூங்குகிறார் என்று நினைத்தேன். டவர்க்காரரும் அப்படித்தான் பனியனோடு தூங்கியிருக்கிறார். தூங்குகிறவரை எழுப்புவது நல்லதில்லை என்று இன்னும் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். கதவைத் திறந்தபோது, நான் செய்த வேலைகளிலேயே அதுதான் முழுமையானது என்று தெரிந்தது. கால்மாட்டில், முழங்காலில், தோளில், காது மடலில், எல்லா இடத்திலும் தொட்டுப் பார்த்தேன். ஒரே சீராக இருந்தது.

நான் போன் செய்ததும் உங்கள் ஆட்கள் வந்தார்கள். குழாயைப் பார்த்ததும் ‘புகை’ என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் அப்போதே மறுத்தேன். அதிர்ச்சியில் பேசுகிறேன் என்று தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு நான் போய்ப் பார்த்த வக்கீலும், “வாயத் தொறக்காதீங்க, விபத்துன்னே முடிஞ்சிடும்” என்கிறார்.

நேற்று தங்கை வந்தாள். ஒர்க்‌ஷாப்பில் அவருடைய ஜீப்பிலிருந்து மிஞ்சிய பஞ்சு அட்டைத் துண்டு ஒன்று கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பிடி விஷயம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

“புகைன்னே இருக்கட்டும் அண்ணா” என்றாள். “நீ ஒண்ணும் சொல்லாத. அவரும் போயிட்டாரு. நீயும் உள்ள போயிட்டா எனக்குன்னு யாரு இருக்கா?”

அவள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பொய்க்கு நான் எப்படித் தலையாட்டுவேன்?

“புகை இல்லம்மா. நான் வெச்ச குழாய்ல புகை வராது” என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள். செருப்பைக் கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே திருத்தி எழுதுங்கள் ஐயா. ஹீட்டரில் எந்தப் பழுதும் இல்லை. பூட்டியது நான். சூட்டைக் கூட்டியது நான். கைப்பிடி பஞ்சு அட்டைக்கு இடைஞ்சல் என்று சற்று முன் சொன்னேன், அதையும் அடித்துவிடுங்கள். அது இருந்தால் பாதியில் இறங்கிவிடுவார் என்றுதான் கழற்றினேன். அவர் வெப்பத்தால் இறந்தார் என்று தெளிவாகப் போடுங்கள். கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒன்று. நான் இதைச் சொல்லத் தொடங்கியதிலிருந்து அவர் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார், எவ்வளவு நேரம் தவித்தார் என்றே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அத்தனை நேரமும் நான் வெளியே பனியில் நின்றேன். எனக்குக் குளிர்ந்ததா என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை.