ஒன்பது மணித் திரை

“இல்லம்மா, சாவியை நான் திருடல. அவளே குடுத்தது. அவ வீட்டுச் சாவி என்கிட்ட, என் வீட்டுச் சாவி அவகிட்ட. டீயில பால் போதுமான்னு பாருங்க.”

போதும் என்கிறீர்கள். சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் பெயர் வினிஃப்ரெட் ஆஷ்பி. வயது எழுபத்தாறு. லார்ச் குளோஸில் முப்பத்தோரு வருடமாக இருக்கிறேன். ஒன்பதே வீடுகள் உள்ள முட்டுத்தெரு இது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மேல்மாடி ஜன்னல் டோரீனுடையது. நேற்றுக் காலையில் உங்கள் போலீஸ் ஆட்கள் கதவைத் திறந்து அவளைத் தூக்கிப்போனார்களே, அந்த வீடுதான்.

திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

ஐந்தாம் எண் வீட்டு பெக்விட் செத்து நான்கு நாள் கிடந்தார். வாசலில் நான்கு பால் பாட்டில் சேர்ந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. டோரீனும் நானும் அப்போது கணவரை இழந்து தனியாக இருந்தோம். அன்றைக்கே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காலை ஒன்பதுக்குள் அவரவர் படுக்கையறைத் திரையைத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் எதிர்வீட்டுக்காரி சாவியோடு வர வேண்டும். பன்னிரண்டு வருடம் ஒரு நாள் தவறியதில்லை. ஒருமுறை எனக்கு ஐந்து நிமிடம் தாமதமாகிவிட்டது. கம்பளிச் சட்டையோடு தெருவில் பாதி தூரம் வந்துவிட்டாள்.

“அஞ்சு நிமிஷம் மனசுக்குள்ள உன்னைச் சாகடிச்சுட்டேன்டீ, வின்னி. உன் சாவுக்கு எந்தத் தொப்பி போடறதுன்னுகூட முடிவு பண்ணிட்டேன்” என்றாள்.

“எது?”

“அந்த நீலம். உனக்குப் பிடிக்காதே, அதான்.”

அவள் அப்படித்தான். போகப்போகத் தெரு முழுக்க அந்தத் திரைகளை நம்ப ஆரம்பித்தது. நாயோடு நடக்கிற பார்ட்லெட் தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். தபால்காரர் கெவினும் பார்ப்பார்.

பிப்ரவரியில் அவள் வாசலில் வீடு விற்பனைக்கு என்று பலகை நட்டார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. நியூசிலாந்தில் மகள் அலிசன் அவளுக்கென்று ஓர் அறை கட்டிவைத்திருக்கிறாளாம். “உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியலடீ” என்றாள் வேலிச்செடிக்கு மேலாக. “ரொம்ப சந்தோஷம்” என்றேன். எலுமிச்சைக் கேக் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் தெருவில் யாரும் யாரிடமும் போகாதே என்று சொல்வதில்லை. செடி வெட்டுகிற கத்திரியை இரவல் கேட்பதற்கே இரண்டு தடவை மன்னிப்புக் கேட்போம்.

விமானத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பது அடித்தும் திரை திறக்கவில்லை. நான் ஓடினேன். உண்மையாகவே ஓடினேன், இந்த முழங்காலோடு. படிக்கட்டின் அடியில், வாசற்கதவுக்கு நாலடி இப்பால், நைட்டியோடு கிடந்தாள். கால் திரும்பியிருந்தது. நினைவு தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“பாத்தியா, திரை வேலை செஞ்சிடுச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிடுடீ.”

“இதோ” என்றேன்.

முதலில் மாடிக்குப் போய்த் திரையைத் திறந்தேன். ஏன் என்று கேட்கிறீர்கள். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது; பார்ப்பவர்கள் பதறுவார்கள். பிறகு தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதிக்கும்போதுதான் யோசித்தேன். மருத்துவமனைக்குப் போனால் அலிசன் பறந்து வருவாள். அங்கிருந்து அப்படியே கூட்டிப்போய்விடுவாள். இந்த வாசற்படியை டோரீன் மறுபடி மிதிக்க மாட்டாள். இன்றைக்கு ஒரு நாள் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரே ஒரு நாள்தான்.

ஃபோன் செய்துவிட்டேன், வர நேரமாகுமாம் என்று சொன்னேன்.

“பாவம், அவங்களுக்கு எவ்வளவு வேலையோ” என்றாள்.

தலையணை வைத்தேன். போர்வை போர்த்தினேன். அவள் கை படும் இடத்தில் தொலைபேசிக் கம்பி கிடந்தது. சிக்கிக்கொள்ளப் போகிறதே என்று தொலைபேசியையே சமையலறைக்கு மாற்றினேன். தேநீரைக் கரண்டியால் ஊட்டினேன். மற்ற தேவைகளையும் நானே கவனித்தேன், முகம் சுளிக்காமல். அதை எழுதிக்கொண்டீர்களா?

சாயங்காலம் கேட்டேன், “மறுபடி கூப்பிடட்டுமா?”

“வேணாம்டீ, தொந்தரவு பண்ணாதே. என்னைவிட மோசமா எத்தனை பேர் இருப்பாங்களோ.”

அவளே வேண்டாம் என்றாள். இது முக்கியம்.

புதன்கிழமை அலிசன் கூப்பிட்டாள். அம்மா பெட்டி கட்டிக் களைத்துத் தூங்குகிறாள் என்றேன். தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். வியாழன் குப்பை வண்டி வரும் நாள். அவள் தொட்டியையும் நான்தான் தெருவுக்கு உருட்டினேன். கெவின் தபாலோடு வந்தார்.

“டோரீனம்மா ஊருக்குக் கிளம்பற மும்முரமா?” என்றார். பிறகு மேலே பார்த்துச் சிரித்தார். “திரை திறந்தாச்சு. அப்ப ஆள் உசுரோடதான் இருக்காங்க.”

நானும் சிரித்தேன். கதவின் துவாரத்தில் கடிதங்களைப் போட்டார். அவை அவள் பக்கத்தில் விழுந்திருக்கும். எங்கள் பேச்சும் அவளுக்குக் கேட்டிருக்கும். ஆனால் அவள் கூப்பிடவில்லை. நைட்டியோடு கிடப்பதைத் தபால்காரர் பார்க்க வேண்டுமா என்று நினைத்திருப்பாள். நானாக இருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

அந்த நாட்களில் எவ்வளவு பேசினோம் தெரியுமா. முப்பத்தோரு வருடத்தில் பேசாததையெல்லாம் பேசினோம். அவள் முதல் காதலனின் பெயரை என்னிடம் சொன்னாள். அதை உங்களிடம் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை அவள் மூச்சில் ஒரு சத்தம் வந்தது. வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வின்னி, நீ அவங்களைக் கூப்பிடவே இல்லல்ல?”

நான் போர்வையைச் சரிசெய்தேன்.

“சரி. நாளைக்கு அந்தத் திரையைத் திறக்காம விட்டுடுடீ. அது மட்டும் போதும் எனக்கு.”

வெளிச்சம் கண்ணைக் கூசியிருக்கும். மாடி ஜன்னல் வெளிச்சம் படிக்கட்டின் அடிவரை வராது, எனக்குத் தெரியும். ஆனாலும் உடம்பு முடியாதவர்களுக்கு எல்லாமே கூசும்.

சனிக்கிழமை ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது திரையைத் திறந்தேன். வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம் கீழே அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். நான் இறங்கி வந்தபோது சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. களைப்பு. மதியம் நான் அவள் தலையை வாரிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே போய்விட்டாள்.

அதன் பிறகும் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. அடுத்த வாரம் நியூசிலாந்து விமான நிலையத்தில் அம்மாவுக்காகக் காத்திருந்த அலிசன் உங்களைக் கூப்பிடும்வரை, தினமும் ஒன்பதுக்குள் திறந்து, இருட்டுவதற்குள் மூடினேன்.

நீங்கள் எழுதியிருப்பதில் நான் கையெழுத்துப் போடுகிறேன். அவளை நான் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அவளைப் பார்த்துக்கொண்டேன். இரண்டையுமே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

சாவியைத்தான் நேற்று வாங்கி வைத்துக்கொண்டீர்கள். அந்த ஜன்னலைப் பாருங்கள். இன்னும் மூடியே இருக்கிறது. ஒன்பதுக்கு நான்கு நிமிடம் இருக்கிறது. பார்ட்லெட் இப்போது நாயோடு வருவார். டோரீனைக் கவனிக்க ஒருத்திகூட இல்லாமல் போய்விட்டது என்று தெருவில் நினைத்துவிடக் கூடாது.

“அவ வீட்டு வாசல்ல நிக்கிற அந்தத் தம்பிகிட்டச் சொல்லி, திரையை மட்டும் கொஞ்சம் திறந்துவிடச் சொல்றீங்களாம்மா?”