சத்தமில்லாத பெட்டி

அடுப்புகளை ஆராய்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவள் நான்; ஆனால் எனக்கு ஒழுங்காகச் சோறு பொங்கத் தெரியாது. ஆய்வுக்காக மலையூருக்குப் போனால் அங்கே நோ மூவா என்ற பெண்தான் எனக்கும் சேர்த்து உலை வைப்பாள்.

தாய்லாந்தின் மே ஹொங் சோன் மலைகளில் அறுவடைக்குப் பிறகு சோளக்கட்டைகளை வயலிலேயே கொளுத்துவார்கள். கோடையில் சூரியன்கூடப் புகையில் மங்கிப்போகும். அந்தக் கட்டைகளைக் கரியாக்கி, அடுப்புக்கட்டிகளாக அழுத்துவது என் ஆய்வு. அவை புகையாமல் எரியும். ஆனால் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. பனிக்காலத்தில் கரிச்சட்டியை அருகில் வைத்துக்கொண்டு தூங்கும் வீட்டில் அது விடியும்வரை எப்படி ஏறுகிறது என்று யாரும் முழுதாக அளந்ததில்லை.

நோ மூவாவின் வீட்டைத் தேர்ந்தேன். புது வீடு, பலகைகளுக்கிடையே இடுக்கே இல்லை. கணவன் சோ தே நகரத்தில் கட்டட வேலையில் இருந்தான். அவளும் மகளும் மட்டும். எரிக்க என் கட்டிகளைக் கொடுத்து, அளவுப் பெட்டியைச் சுவரில் மாட்டினேன். வாயு மிகுந்தால் அது கத்தும்.

"அஜான், உங்க பொட்டி எம் மாமியாவ விட மோசம். செத்தக் கண்ணசந்தா போதும், கத்துது. கதவத் தொறந்தாத்தான் வாய மூடுது," என்று சிரித்தாள். அஜான் என்றால் அங்கே ஆசிரியர்.

அதுதான் சிக்கல். அவள் கதவைத் திறந்ததும் என் வரைபடத்தில் ஏறிவந்த கோடு அறுந்து விழும். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் ஆனது.

"சத்தத்த மட்டும் நிறுத்த முடியாதா? புள்ள தூங்க மாட்டேங்கறா," என்று கேட்டாள். அவள்தான் கேட்டாள், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிக்கும் கம்பியைக் கழற்றினேன். சிறிய வேலை.

அடுத்த முறை போனபோது, "இப்பக் கத்தவே மாட்டேங்குது அஜான். அப்ப நல்ல கரிதான, பயமில்லையே?" என்றாள்.

"பயமில்லை," என்றேன். வேறு பதில் சொல்லியிருந்தால் கதவைத் திறந்து வைத்திருப்பாள்.

பனி மிகுந்த வாரத்தில், காலையில் கொஞ்சம் பால் பவுடர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரிதான் இருவரையும் பார்த்தாள். போர்வைக்குள் அணைத்தபடி படுத்திருந்தார்களாம். உயிர் போன பிறகும் கன்னங்கள் சிவந்திருந்தன. அந்த வாயு அப்படித்தான் செய்யும்.

நகரத்திலிருந்து ஓடிவந்த சோ தே என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "பொட்டி கெட்டுப்போச்சா அஜான்?"

"இல்லை, நன்றாகத்தான் இருந்தது," என்றேன். பொய்யல்ல. அது கடைசிவரை அளந்தது. அவன் கைகூப்பி, இத்தனை நாள் அவர்களைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னான்.

ஆம், கம்பியைக் கழற்றியது நான். அபாயம் தெரிந்தே கழற்றினேன். அந்தக் கோட்டைப் பாருங்கள், எங்கும் அறுபடவில்லை. இனி எவரும் இன்னொரு வீட்டில் இதை அளந்து பார்க்க வேண்டியதில்லை. அந்த வகையில் பல குடும்பங்களை நான் காப்பாற்றியிருக்கிறேன்.