எங்கண்ணன் கால்ல கட்டின கயிறு

கிண்ணம் நெறைய டீ ஊத்துனா கெளம்புங்கன்னு அர்த்தம். தெரிஞ்சேதான் ஊத்துனேன் டீச்சர். கோச்சுக்காதீங்க. அம்மா சந்தைக்குப் போயிருக்காங்க, இருந்திருந்தா உங்களுக்கு ஆட்டையே வெட்டிருப்பாங்க.

சரி, குடிச்சுக்கிட்டே கேளுங்க. நான் ஸ்கூலுக்குத் திரும்ப வரமாட்டேன். காரணமா? எங்கண்ணன் ஒல்ஜாஸ்.

ஆமா, அந்த மல்யுத்தக்காரன்தான். நிணநீர்ல கேன்சர் வந்து, அவனோட ஸ்டெம் செல்லையே எடுத்து வச்சுக்கிட்டு, கடுமையா மருந்து குடுத்து, திருப்பி ஏத்துனாங்களே. அப்ப டாக்டர் ஒரு வார்த்தை விட்டாரு, இனிமே இவன் புதுசாப் பொறந்த கொழந்தைன்னு. அம்மா அதையே புடிச்சுக்கிட்டாங்க. தடுப்பூசியெல்லாம் மறுபடி மொதல்லேர்ந்து போடணுமாம். கைக்கொழந்தைங்களோட வரிசையில உக்காந்து, அதுங்களுக்கு முன்னாடி இவன் கத்துனான்.

அப்புறம் எழுந்து நடந்தான். போதாதா? கொழந்தை நடந்துடுச்சு, நம்ம வழக்கப்படி கால்ல கயிறு கட்டி வெட்டணும்னு ஊரையே கூப்பிட்டுட்டாங்க. சிரிக்காதீங்க. மீசை வச்ச கொழந்தை! கொழந்தைங்களுக்குக் கட்டுற கறுப்பு வெள்ளைக் கயிறு அந்தக் காலுக்குப் பத்தல, குதிரை கட்டுற கயித்தக் கொண்டாந்தாங்க.

யாரு வெட்டுறாங்களோ அவங்க குணந்தானே கொழந்தைக்கு வரும்? கூல்ஜான் அத்தை கத்தியோட ரெடியா நிக்கிறாங்க. இவன் என்னைக் கை காட்டுறான். படிப்பைப் பாதியில விட்ட கழுதையாடான்னு அத்தை கத்துறாங்க. அவதான் வேணும்ங்கிறான். வெளிய வந்தா வந்ததுதான், அடிச்சாலும் திரும்பிப் போக மாட்டா, அந்த ஆஸ்பத்திரி விஷயத்துல எனக்கு அந்தக் குணந்தான் வேணும்ங்கிறான்.

வெட்டுனேன். முழுசா வெட்டுறதுக்குள்ள ஓடப் பார்த்து, அத்தை மேலயே குப்புற விழுந்தான்.

இல்ல டீச்சர், ஆபத்து இன்னும் போகல. நோய் திரும்பி வர்றதா இருந்தா பெரும்பாலும் மொத ரெண்டு வருசத்துலதான் வருமாம். அது அடுத்த வசந்தத்துலதான் முடியுது.

மூடநம்பிக்கைதான். எனக்குத் தெரியாதா? நான் ஸ்கூலுக்குத் திரும்புனா அவனுக்கு நோய் திரும்பும்னு எந்த டாக்டரும் சொல்லல. ஆனா கயித்த வெட்டுனது நீங்க இல்லியே. எனக்கும் வரணும்னுதான் இருக்கு, வீட்டுல செம போர். அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சோம்பேறின்னே நெனச்சுக்கட்டும்.

அது சரி, அந்தப் பையில கணக்குப் புத்தகம் இருக்கா? நீங்க இங்க வந்து சொல்லிக் குடுத்தா, அது நான் திரும்பிப் போனதா ஆகாதுல்ல?

கிண்ணத்தக் குடுங்க. பாதியா ஊத்துறேன்.