தம்ளர் அண்ணன்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பை எந்த ஆசிரியரும் விரும்பி வாங்குவதில்லை, சார். பாதிப் பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். போதை, வன்முறைத் தடுப்புப் பாடம் என்றதும் அந்த வேளையைத்தான் என் தலையில் கட்டினார்கள். நானும் குறை சொல்லவில்லை.

பாடம் எளிது. கோபம் வந்தால் கையைக் கட்டிக்கொள். யார் மேலும் கை வைக்காதே. போதைப்பொருளை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சத்தமாகச் சொல், முதுகைக் காட்டித் திரும்பு, அந்த இடத்தைவிட்டு வெளியேறு. பிள்ளைகளை ஜோடி ஜோடியாக நிறுத்தி நடிக்க வைப்பேன். சிரிப்பும் கும்மாளமுமாகச் செய்வார்கள். மனத்தில் மட்டும் ஒட்டாது.

ஒட்ட வைத்தவன் என் தம்பி. அப்போது அவன் போதைப் பழக்கத்தை விடப் போராடிக்கொண்டிருந்தான். எங்கள் பின்னறைக்கு வெளிப்பக்கமாகத் தாழ்ப்பாள் வைக்கச் சொன்னதே அவன்தான். "நான் என்ன கெஞ்சினாலும் திறக்காதக்கா, சத்தியம் பண்ணு" என்றான். பண்ணினேன். கொஞ்சம் தேறியதும் வகுப்புக்கு அழைத்துப் போனேன். எலும்பும் தோலுமாக நின்றவன் கையில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னேன். கை ஆடிய ஆட்டத்தில் பாதி சட்டையில் கொட்டியது. தூங்கி விழுந்த பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் அவனுக்குத் தம்ளர் அண்ணன் என்று பேர் வைத்தார்கள். பக்கத்துப் பள்ளிகளிலிருந்தெல்லாம் எங்களைக் கூப்பிட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், அவன் தேறிக்கொண்டே போனான். கன்னம் உப்பியது. டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். இந்த வருஷம் தம்ளரைக் கொடுத்தபோது ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, "அண்ணன்தான் இப்ப நல்லா ஆயிட்டாரே மிஸ், அப்ப ஒரு தடவை போட்டுப் பாத்தா என்ன?" என்று கேட்டாள். கெட்ட பெண் இல்லை. நியாயமான கேள்விதான். தம்ளரை எடுத்துக்கொண்டு மணி அடிக்கும் முன்பே வெளியே வந்துவிட்டேன்.

அந்த வாரமே பள்ளிக் கழிவறைத் தொட்டிக்குப் பின்னால் ஒரு போதைப் பொட்டலம் கிடைத்தது. தலைமையாசிரியை அதை என்னிடம் நீட்டி, "உங்க பாடம் ரொம்ப நல்லா வேலை செய்யுது டீச்சர்" என்றார், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதோடு வீட்டுக்கு வந்தால் தம்பி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்குக்கா. இனிமே அந்தத் தம்ளர் கூத்து வேணாமே. கூச்சமா இருக்கு."

"எத்தனை புள்ளைங்க உன்னைப் பாத்துத் தப்பிச்சிருக்கு தெரியுமா?"

"நான் தப்பிச்சது உனக்குப் போதாதாக்கா?"

ஓர் ஆளா, ஒரு பள்ளிக்கூடமா? நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன், கைப்பையிலிருந்த பொட்டலத்தைப் பின்னறையில் அவன் கட்டிலில் வைத்தேன். அவனை அடிக்கவில்லை, எதையும் வாயில் திணிக்கவில்லை. அடுத்தவர் மேல் கை வைப்பது என் பாடத்துக்கே விரோதம். திங்கட்கிழமை காலையில் பார்த்தபோது பொட்டலம் காலியாக இருந்தது.

அன்று மதியம் வகுப்பில் தம்ளர் அவன் கையைவிட்டு நழுவித் தரையில் உருண்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் பெஞ்சுப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். பல வருஷத்தில் நான் எடுத்த நல்ல வகுப்பு அதுதான். அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் மற்றப் பிரிவுப் பிள்ளைகள் பார்க்கவில்லையே. அடுத்த பொட்டலத்தை நானே விசாரித்து வாங்கினேன். அதை அவன் உடம்பு தாங்கவில்லை.

அவனாகத்தான் எடுத்துக்கொண்டானா என்று கேட்கிறீர்கள். என் பாடம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம், இன்ஸ்பெக்டர் சார். கட்டிலில் அதைப் பார்த்ததும் வேண்டாம் என்று சத்தமாகச் சொன்னான். தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். முதுகைக் காட்டித் திரும்பினான், ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். பிறகு வெளியேற வந்தான். கதவைத் தள்ளினான், தட்டினான், இரண்டு நாள் அக்கா, அக்கா என்று கெஞ்சினான். திறக்க மாட்டேன் என்று அவனுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். சொன்ன சொல்லை நான் மீறியதே இல்லை.