டிரெய்லருக்குக் கட்டை வைப்பவன்

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயில் சர்க்கரை கம்மி. குறையாகச் சொல்லவில்லை ஐயா, எனக்கு அப்படித்தான் பிடிக்கும். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாக ஏட்டையா சொன்னார். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று பேப்பர் கேட்டு வாங்கினேன். அடுத்தவர் எழுதி நான் விரல் வைத்த காகிதம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டது.

என் பேர் சம்பந்தம். ஊர் மாதனூர் பக்கம். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக லோடு இறக்குகிறேன். மண்டியிலிருந்து உப்புத் தோல் டிராக்டரில் வரும். ரோட்டிலிருந்து எங்கள் கொட்டகை வரைக்கும் நல்ல சரிவு. டிரெய்லரைச் சரிவின் நடுவில் கழற்றி விட்டுவிட்டு, டிராக்டர் மட்டும் அடுத்த லோடுக்குப் போகும். கழற்றுவதற்கு முன்னால் டிரைவர் டிரெய்லரின் ஹேண்ட் பிரேக்கை இழுக்க வேண்டும். நான் சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இரண்டையும் சேர்க்கிற பின்னை உருவலாம்.

தோல் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். பின்னால் நடப்பது டிரைவருக்குத் தெரியாது. அதனால் அவன் "கட்டை?" என்று கத்துவான். நான் "வச்சாச்சு" என்பேன். அந்தக் குரலை நம்பித்தான் பின்னை உருவுவான். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை இது நடக்கும். உள்ளதைச் சொல்கிறேன், லோடு இறக்குகிற நாங்கள் எல்லாருமே கட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதே "வச்சாச்சு" என்று சொல்லிவிடுவோம். அவன் சீட்டிலிருந்து இறங்கி வருவதற்குள் கட்டை சக்கரத்தடிக்குப் போய்விடும்.

டிரைவர் மதியழகன். முப்பது சொச்சம் வயது. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். என்னை மாமா என்பான். என் பெண்சாதி கெங்கம்மாளுக்கு அதே கொட்டகையில் தோலிலிருந்து உப்பு உதறுகிற வேலை. அவள் கொண்டு வரும் கருவாட்டுக் குழம்பில் பாதி அவன் தட்டுக்குத்தான் போகும்.

ஹேண்ட் பிரேக்கை மட்டும் அவன் இழுக்க மாட்டான். உப்புத் தண்ணீர் ஒழுகி ஒழுகி அந்த லிவர் துருப்பிடித்துப் போயிருந்தது. கெங்கம்மாளே கேட்பாள்.

"இன்னா மதி, அந்தக் கம்பிய இழுத்தா கை தேஞ்சிடுமா?"

"மாமா கட்டை வெச்சா மலையே நிக்கும் அத்தே. பிரேக்கெல்லாம் பேஜாரு."

"உங்க மாமாவ நம்பி நான் அடுப்பு கூட பத்த வெக்கறதில்ல. நீ வேற" என்று சிரிப்பாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாசம், காலை பத்தரை மணி. மதி பின்னை உருவினான். டிராக்டரோடு மாட்டியிருக்கும் டிரெய்லரின் முன்கம்பி அன்றைக்கு உடனே நழுவவில்லை. அவன் ஏறி டிராக்டரை முன்னால் எடுத்தான். டிரெய்லர் அதன் பின்னாலேயே வந்தது. டிராக்டர் வளைவில் திரும்பிவிட்டது. டிரெய்லருக்குத் திரும்பத் தெரியாது. கொட்டகைச் சுவரோரம் குனிந்து உப்பு கூட்டிக்கொண்டிருந்த கெங்கம்மாள் நிமிரவே இல்லை.

ஆபீஸ் கிளார்க் ஜெயசீலன் சாயந்திரம் ஆஸ்பத்திரிக்கு ஒரு காகிதம் கொண்டு வந்தார். "விரல் வைய்யா, சீக்கிரம் பாடிய வாங்கிடலாம்" என்றார். வைத்தேன். அதன் ஜெராக்ஸ் மூன்று வருஷம் அவள் புடவைகளுக்கு அடியில் கிடந்தது.

பஸ் போர்டு படிக்கலாமே என்றுதான் அம்சவேணி டீச்சரிடம் எழுத்துக்குப் போனேன். போர்டு படிக்க வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் காகிதத்தை எடுத்தேன். கூட்டிப் படிக்க மூன்று நாள் ஆயிற்று. 'சக்கரத்துக்குக் கட்டை வைக்கத் தவறியது என் குற்றமே' என்று நான் சொன்னதாக இருந்தது. ஹேண்ட் பிரேக் என்ற சொல் எங்கேயும் இல்லை. கீழே சாட்சி, மதியழகன். அவனுக்கு அழகான கையெழுத்து.

அவனிடமே கேட்டேன்.

"பிரேக் போடலன்னு ஏன் மதி சொல்லல?"

"லைசென்ஸ் போயிருக்கும் மாமா. உங்கள யாரும் வேலைய வுட்டுத் தூக்கலியே. சொல்லியிருந்தா மட்டும் அத்தை எழுந்து வந்துடுவாங்களா?"

யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான்.

கெங்கம்மாள் போனதும் கம்பெனியில் லிவரை மாற்றி, போர்டு ஒன்றும் மாட்டினார்கள். மதி இரண்டு மாசம் இழுத்தான். பிறகு விட்டுவிட்டான். ஒரு நாள் அந்தப் போர்டை அவனுக்குப் படித்துக் காட்டினேன். சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் கட்டாயம்.

"எழுத்து வந்ததும் மாமா மேனேஜர் ஆய்ட்டாருடா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு பதினாலு நாள் பார்த்தேன். அவசரப்படவில்லை. ஒரு தடவை கூட அவன் கை லிவர் பக்கம் போகவில்லை.

வியாழக்கிழமை "கட்டை?" என்றான். கட்டை என் கையில் இருந்தது. நான் நடக்கவில்லை. "வச்சாச்சு" என்றேன். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. இறங்கி வந்து டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் நின்றான். குனிந்திருந்தால் சக்கரம் தெரிந்திருக்கும். லிவர் கைக்கு எட்டுகிற தூரம். அதை இழுத்திருந்தால் நான் சொன்னது வெறும் பொய்யாகப் போயிருக்கும். ஒரு பொய்யால் யாரும் சாவதில்லை ஐயா. அவன் பின்னை உருவினான். டிரெய்லரின் முன்கம்பி நழுவி, அவன் நெஞ்சை டிராக்டர் சக்கரத்தோடு சேர்த்து அழுத்தியது.

"மாமா, கட்டை" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். நான் போய்க் கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் சரியாக வைத்தேன். அதற்கு மேல் டிரெய்லர் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. ஆட்கள் ஓடி வந்து மேட்டுப் பக்கம் தள்ள நாலைந்து நிமிஷம் ஆயிற்று. நானும் ஒரு கை கொடுத்தேன். அதற்குள் அவன் போய்விட்டான்.

அவன் பெண்சாதி சங்கீதா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க, எதுனா சொன்னாரா?" என்று கேட்டாள். வேலையைப் பற்றித்தான் பேசினான் என்றேன். அது பொய்யில்லை.

நான் வேண்டுமென்றே செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. கோர்ட்டிலும் இதையே சொல்வேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பழைய காகிதத்தை நீங்கள் திருத்தி எழுத வேண்டும். கட்டை வைக்கத் தவறினேன் என்று அதில் இருப்பது அபாண்டம். அன்றைக்கு வழியில் ஒரு தோல் கட்டு சரிந்து கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வச்சாச்சு என்று சொல்லிவிட்டேன், கட்டையும் கையில்தான் இருந்தது. நான் தவறவில்லை ஐயா. வைக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன்.