பதினேழு டப்பா கடல்மண்

மேடையிலிருக்கும் டைரக்டர் வெங்கிடேஷ் சார் அவர்களே, கரமனையிலிருந்து வந்திருக்கும் டாக்டரம்மாவின் வீட்டாரே, பெரியோர்களே, பிள்ளைகளே! எல்லோருக்கும் ராகேலின் வணக்கம். இந்த ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் கடல்மண் கழுவினவள் நான். படிப்பு ஐந்தாம் கிளாஸ்தான். பிழையிருந்தால் பொறுக்க வேணும்.

டாக்டர் பாகீரதி அம்மா போய்விட்டார்களா? யார் நம்புவது? திங்கட்கிழமை சாயங்காலம் போன் பண்ணினார்கள். "ராகேலக்கா, ரிட்டயரானது போதும். பதினேழு டப்பா பாக்கி இருக்கு. நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துடுங்கோ. லிபியை நம்பினா கழுவின ஜலத்தைக் கொட்டிடுவா, உங்க பேத்தியாச்சே!" என்று சிரித்தார்கள். ஒன்பதுக்கு வந்து நின்றேன். வாட்ச்மேன் தாணு கேட்டைத் திறக்காமல் அழுகிறான். விடியக்காலம் நெஞ்சுவலியாம். ஐம்பத்திரண்டு வயசு! அந்தச் சிரிப்பு என் காதை விட்டு இறங்குமுன்னே முடிந்துவிட்டதா?

அந்த ஜலத்தின் கதையைச் சொல்ல வேணும். எரிமலை கக்கின சாம்பல் ஆழ்கடலில் படியும். சாம்பல் என்றால் பொடிக் கண்ணாடி. லட்சக்கணக்கான வருஷம் உப்புத்தண்ணீரில் ஊறி, அது களிமண்ணாய் மாறும். அதற்குள் ஊசிமுனை போல புதுப் படிகமும் விளையும். டாக்டரம்மா தேடினது அந்த மாறினதைத்தான். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியுமா? வேலைக்குச் சேர்ந்த மாசம், சல்லடையில் தங்கின கண்ணாடி மினுமினுப்பைப் பத்திரமாய் எடுத்து வைத்தேன். களிமண்ணும் படிகமும் கலந்து கீழே இறங்கின கலங்கல் தண்ணீரை அழுக்கென்று சாக்கடையில் ஊற்றினேன். டாக்டரம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "அக்கா, மாறாததை வச்சுண்டு மாறினதைக் கொட்டிட்டேளே!"

கப்பல் மூன்று மாசம் அலைந்து கொண்டுவந்த மண்! வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். ரெஜிஸ்டரில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "தவறு என்னுடையது. நான் சொல்லித் தரவில்லை. பாகீரதி." இப்படி எழுத எத்தனை பேருக்குக் கை வரும்?

அந்த ஒரு வரியால் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. இன்று என் பேத்தி லிபி அவர்களிடமே பிஎச்.டி. பண்ணுகிறாள். பண்ணுகிறாள் என்றுதான் சொல்லுவேன். பண்ணினாள் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

டைரக்டர் சார், மண் வைத்திருக்கும் கோல்டு ரூமைக் காலி பண்ணப் போவதாய்க் காதில் விழுந்தது. லிபியின் படிப்பும் டாக்டரம்மாவின் கடைசி வேலையும் அந்தப் பதினேழு டப்பாவில்தான் இருக்கின்றன. அதைக் குப்பையில் போட்டால், அந்தத் தவறை யார் பேரில் எழுதுவீர்கள்?

சாவியைத் தாருங்கள். நாளை ஒன்பது மணிக்கு நான் கழுவுகிறேன். லிபி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். டாக்டரம்மா, ஒரு சொட்டு ஜலம் கீழே போகாது!