நூற்றில் ஏழு போனால்

முறைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். சிரிக்காதீர்கள் ஐயா, உண்மைதான். மருத்துவமனையின் இதயப் பிரிவில், நோயாளியின் விரலுக்குத் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டுவேன். ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று அது காகிதத்தில் கோடு போடும். பிறகு நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வேன். சரியாகச் சொன்னாலும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "தப்பு. முதல்லேர்ந்து சொல்லுங்க" என்பேன். மனம் அடிபட்டால் சிலருக்கு ரத்தக் குழாய் விரிவதற்குப் பதில் சுருங்கிவிடும். ஓடச் சொன்னால் குதிரை மாதிரி ஓடுவார்கள். ஒரு சொல்லுக்கு இதயம் பட்டினி கிடக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கூத்து.

கணக்கில் நான் எட்டாம் வகுப்பில் வாங்கியது மூன்று மதிப்பெண். அதிலும் இரண்டு கையெழுத்துக்காக. வீட்டில் என் பெயர் 'சைபர்'. வைத்தவர் அண்ணன், கணக்கு வாத்தியார். "இவனைக் கூட்டினாலும் ஒண்ணுதான், கழிச்சாலும் ஒண்ணுதான்" என்பார். விருந்தாளிகள் சிரிப்பார்கள். நான் அவர்களைவிடச் சத்தமாகச் சிரிப்பேன். கோபமெல்லாம் கிடையாது.

போன மாதம் அண்ணன், "நெஞ்சைப் பிடிக்குதுடா" என்று வந்தார். ஓடவிட்டுப் பார்த்ததில் ஒன்றுமில்லை. என்னிடம் அனுப்பினார்கள். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று கடகடவென்று கொட்டினார். "தப்பு" என்றேன்.

"எவன்டா தப்புன்னு சொல்றது? நீயா?"

கோடு பாதிக்குமேல் விழுந்தது. விரலைத் தொட்டேன், ஐஸ். வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு ஒரு கணக்குப் புரிந்தது.

காகிதத்தைக் கிழித்துவிட்டு, நல்ல இதயம் உள்ள வேறொருவருடைய கோட்டை அண்ணன் பெயரில் வைத்தேன். "உனக்கு ஒண்ணுமில்லண்ணே, வெறும் வாயு." நம்பினார். மருத்துவர் உண்மையான கோட்டைப் பார்த்திருந்தால் மாத்திரை கொடுத்திருப்பார்.

பிறகு வேலையை வீட்டில் தொடர்ந்தேன். மாடிப்படி பதினெட்டு என்றார். பத்தொன்பது என்றேன், பேச்சுவாக்கில். தன் கல்யாணத் தேதியைச் சொன்னார். "இல்லண்ணே, அதுக்கு மறுநாள்" என்றேன். அண்ணியிடம், "அண்ணனுக்கு ஞாபகம் குறையுது, எதிர்த்துப் பேசாதீங்க அண்ணி" என்று அக்கறையாகச் சொல்லிவைத்தேன். பாவம், அவர் என்ன சொன்னாலும் அண்ணி குழந்தைக்கு ஆட்டுவதுபோல் தலையாட்டினார். என் 'தப்பு'வைவிட அந்தத் தலையாட்டல் வேகமாக வேலை செய்தது.

பன்னிரண்டாம் நாள் காலை, படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார். இறங்கினார். மறுபடி ஏறினார். மூன்றாம் முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை.

"பதினெட்டுதானேடா? சரின்னு சொல்லுடா" என்றார். அண்ணன் என்னிடம் கேட்டு வாங்க நினைத்த ஒரே பொருள் அதுதான்.

படி பதினெட்டுதான். சின்ன வயதிலிருந்து ஏறி இறங்குகிறேன், எனக்குத் தெரியாதா? கீழே நின்றபடி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன்.

"தப்பு. முதல்லேர்ந்து எண்ணுண்ணே."

எழுந்தார். முதல் படிகூட இறங்கவில்லை.

மருத்துவமனைக் கோப்பில் ஒரே கோடு இரண்டு பேருக்கு இருந்ததால் மாட்டிக்கொண்டேன். அந்தக் கணக்கிலும் கோட்டைவிட்டாயிற்று. நீங்கள் எழுதிய என் வாக்குமூலத்தை வாசித்தேன் ஐயா. கொன்றேன், சரி. தெரிந்தே கொன்றேன், அதுவும் சரி. 'பொறாமையால்' என்று போட்டிருக்கிறீர்களே? சைபருக்கு ஏது ஐயா பொறாமை?

தப்பு. முதலிலிருந்து எழுதுங்கள்.